தரையில் ஒரு சொட்டு இல்லை

ஏழு நாற்பதுக்கு லிந்துலை ஏற்றத்தில்
எஞ்சின் கத்தியது.
வேன் கேட்கவில்லை.
மூவாயிரம், நாலாயிரம் என்று முள் ஏறுகிறது,
ரோட்டோரத்து டர்பன்டைன் மரம்
கண்ணாடிக்குள் அதே இடத்தில் நிற்கிறது.
பின்னால் பதினொரு பிள்ளைகள்.
"கேட்டை மூடிருவாங்க" என்றான் டிலுக்‌ஷன்,
என்னிடம் சொன்னானோ வேனிடம் சொன்னானோ.
அப்புறம் ஒரு உதை.
பிடித்துக்கொண்டது.
எல்லோர் தலையும் ஒரே பக்கம் ஆடியது.

தாஜுன் பாஸ் என்னைவிட ஆறு வயது இளையவர்,
கராஜில் ரேடியோகூட வைப்பதில்லை.
அளவுக் கம்பியை இழுத்தார்,
வெள்ளைத் துணியில் துடைத்தார்,
துணியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.
சிவப்பாய் இருக்கவேண்டிய கியர் எண்ணெய்
நுவரெலியாவில் டூரிஸ்ட்டுகள் வாங்கிக் குடிக்கிற
ஸ்ட்ரோபெரிப் பால்.
நுரையும் இருந்தது.

"எவ்வளவு நாளா தண்ணி குறையுது மிஸ்?"

மார்கழியிலிருந்து.
முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அரைப் போத்தல்,
பிறகு புதனும்.
பச்சைக் கூலன்ட் வாங்கக் காசில்லாத வாரம்
பீலித் தண்ணீர்.
ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தேன் பாஸ்,
டோர்ச் அடித்துப் பார்த்தேன்,
தரையில் ஒரு சொட்டு இல்லை.
சொட்டு இல்லையென்றால் ஓட்டையும் இல்லை என்று
நானே எனக்குச் சொல்லி மூடியைத் திருகினேன்.

அவர் ரேடியேட்டரின் அடிவயிற்றைத் தட்டினார்.
உள்ளே இன்னொரு குழாய் இருக்கிறதாம்,
கியர் எண்ணெய் சூடு ஆறிவரப் போகிற வழி.
எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே
மெல்லிய தகரச் சுவர்.
எனக்கு லயத்துச் சுவர்தான் ஞாபகம் வந்தது.
அந்தக் காம்பிராவில் இருமினால்
இந்தக் காம்பிராவில் விழித்துக்கொள்வோம்.
அது அரித்துப்போயிருந்தது.
எட்டு மாதமாய் நான் ஊற்றியதெல்லாம்
கியர்பெட்டிக்குள் போய்
கிளச் தட்டுகளில் ஒட்டிய காகிதத்தை
ஊறவைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பஞ்சிகாவத்தையில் வேறு கியர்பெட்டி கிடைக்கும்.
ஜப்பானில் உடைத்த வண்டியுடையது,
ஏழு மாத லீசிங் காசு.
காப்பை விற்கலாம். காப்பு ஏற்கெனவே பேங்கில்.
"கழுவிப் பாருங்க பாஸ்" என்றேன்.
கழுவினால் ஓடும் என்று அவர் சொல்லவில்லை.
தோளைத் தூக்கினார், அவ்வளவுதான்.

புது ரேடியேட்டர் போட்டார்.
கியர் எண்ணெய்க்குத் தனியாக ஒரு சின்னக் கூலர்,
இனி தண்ணீர்ப் பக்கமே அது போகாது.
பிறகு வடித்தார், ஊற்றினார், ஓடவிட்டார், வடித்தார்.
முதல் தடவை அதே ஸ்ட்ரோபெரி.
இரண்டாவது, பால் கூடிப்போன தேத்தண்ணி.
மூன்றாவது பிளேன்டி.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து இருவரும் சிரித்தோம்.
தட்டின் அடியில் மட்டும்
கண்மையைப் போலக் கறுப்பாய் ஒரு பொடி.
விரலில் எடுத்துக் காட்டினார்.
கிளச்.
தண்ணீரைக் கழுவலாம் மிஸ், இதைத் திருப்பி ஒட்டேலாது.

இப்போதும் வழுக்குகிறது,
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது.
அழுத்தினால் கத்தும்,
காலைக் கொஞ்சம் எடுத்தால் பிடிக்கும்.
முப்பத்தெட்டு வயதில் இதைப் பழகுகிறேன்,
அவசரம் வரும்போது காலை எடுக்க.
பெரிய வளைவில் பிள்ளைகள் இறங்கிக்கொள்கிறார்கள்.
வெறும் வேனை நான் ஏற்றுவேன்,
குறுக்குப் பாதையில் ஓடி அவர்கள் முந்திவிடுவார்கள்.
டிலுக்‌ஷன் சத்தமாக எண்ணுகிறான்,
உதை வரும்வரை எத்தனை என்று.
திங்கள் ஐந்து. நேற்று மூன்று.
சஹானாவோடு பந்தயம், ஒரு டொஃபி.

போன ஞாயிறு பழக்கதோஷத்தில் குனிந்தேன்.
தரையில் ஒரு சொட்டு.
தொட்டேன். சிவப்பு. வழுவழுப்பு.
மேலே பார்த்தால், புதுக் கூலரின் குழாய் முனையில்
அடுத்தது திரண்டுகொண்டிருக்கிறது.
சாவி பத்தை எடுத்து ஒரு திருகு, அவ்வளவுதான் வேலை.
உடனே எழும்பவில்லை.
ஈரச் சரளையில் முட்டி போட்டபடி
அது விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வெளியே, என் கண்ணெதிரே,
எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.